கடைசிப் பக்கம் இல்லாத மாயாவி

சிவனொளிபாதமலை சீசனில், அதுவும் சனிக்கிழமை காலையில், ஹட்டன் பஸ்ஸில் சீட் கிடைக்கும் என்று நம்பிப் போனது என் தப்பு. கொழும்பிலிருந்து அவிசாவளை தாண்டியும் ஒற்றைக் காலில்தான் நின்றேன். தோளில் தொங்கிய பையில் பதினொரு புத்தகங்கள். அதை மேல் தட்டில் போடச் சொல்லி கண்டக்டர் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். பிறகு, உள்ளே என்ன கண்ணாடிச் சாமானா என்று சிங்களத்தில் கேட்டார். புத்தகம் என்றேன். அப்படியென்றால் உடையாதே என்று சிரித்தார். உடையாது, ஆனால் முனை மடங்கும். காமிக்ஸ் சேர்க்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

கித்துல்கலையில் சீட் கிடைத்தது. கினிகத்தேனைக்கு மேலே காது அடைத்தது, வட்டவளையில் யாரோ ஜன்னலை இழுத்து மூடினார்கள். அந்தப் பாதையின் அழகைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள், விட்டுவிடுகிறேன். நான் போனது நாலு பேராக உட்கார்ந்து காமிக்ஸ் பற்றிச் சண்டை போட.

ஹட்டன் டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடி. தேங்காய் ரொட்டி, கட்டைச் சம்பல், சாயத்தண்ணி. எனக்கு முன்னாலேயே மூன்று பேரும் வந்திருந்தார்கள். ஒருவர் எங்கள் பழைய தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபதைத் தாண்டிவிட்டார், இன்னும் எல்லோருக்கும் கணக்கப்பிள்ளை ஐயாதான். அடுத்தவர் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கும் டீச்சர். மூன்றாவது, அவரிடம் படித்து இப்போது உயர்தரம் எழுதப்போகும் ஒரு தம்பி. ரொட்டி வரும்வரை அவன் போனை விட்டுத் தலை தூக்கவில்லை. மங்கா, அதாவது ஜப்பான் காமிக்ஸ், படித்துக்கொண்டிருந்தான்.

இங்கே என் சொந்தக் கதை கொஞ்சம். பன்னிரண்டு வயது வரை டிக்கோயாப் பக்கம் தேயிலைத் தோட்ட லயத்தில்தான் வளர்ந்தேன். லயத்தை லயன் என்றும் சொல்வார்கள். வரிசையாகக் காம்பரா, அதாவது அறை, கட்டிய அந்த லைன்தான் லயன் ஆனது. எட்டு வயதில் என் கைக்கு முதல் லயன் காமிக்ஸ் வந்தபோது, லயன் என்றால் சிங்கம் என்று எனக்குத் தோன்றவேயில்லை. லயத்துப் பிள்ளைகளுக்கென்று யாரோ தனியாகப் புத்தகம் போடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். உள்ளே சிவகாசி என்று இருந்தது. அது பட்டாசுப் பெட்டியில் பார்த்த பெயர், ஆகவே நல்ல ஆட்களாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.

அந்தப் புத்தகங்கள் மலைக்கு வந்த வழி கொஞ்சம் சுற்று வழி. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தால் எங்கள் மலையகச் சனத்தில் ஒரு பெரும்பகுதி கோச்சி என்கிற ரயில் ஏறி, தலைமன்னாரில் கப்பலேறி, இந்தியக் கரைக்குப் போனது. போன சொந்தங்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்களின் பெட்டியில் சேலைக்கும் வளையலுக்கும் நடுவில் இரண்டு முத்து காமிக்ஸ், ஒரு ராணி காமிக்ஸ் இருக்கும். வந்தது முதலில் ஸ்டாப் குவாட்டர்ஸுக்குப் போகும். அப்புறம் லயம் லயமாக இறங்கும். எங்கள் காம்பராவுக்கு வரும்போது அட்டை போயிருக்கும், கடைசிப் பக்கமும் போயிருக்கும். யாராவது அதில் வடை மடித்திருப்பார்கள். முடிவை நாங்களேதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஐயா ஒரு மாயாவி கதையின் முடிவு தெரியாமலேயே ஐம்பது வருடத்தை ஓட்டியவர். அதன் மறுபதிப்பை நான் தேடிப் பிடித்துக் கொண்டுபோயிருந்தேன். பையைத் திறந்ததும், "மாயாவி வந்துட்டாரா?" என்று கேட்டார்.

"மாயாவியா? எனக்கும் ரொம்பப் பிடிக்கும்" என்றார் டீச்சர். "அந்தக் குதிரையும் ஓநாயும் வருமே."

ஐயா ரொட்டியைக் கீழே வைத்தார். "குதிரையா? மாயாவிக்கு ஏதும்மா குதிரை? அவருக்கு ஒத்தைக் கைதானே இரும்பு."

"இரும்புக் கையா? முகமூடிதானே போட்டிருப்பாரு. காட்டுல மண்டையோட்டுக் குகையில இருப்பாரு."

இருவரும் பத்து நிமிடம் மாறி மாறிப் பேசினார்கள், நான் வேண்டுமென்றே வாயைத் திறக்கவில்லை. விஷயம் இதுதான். ஐயா சொல்வது இரும்புக்கை மாயாவி. 1962இல் பிரிட்டனின் வாலியண்ட் வார இதழில் தொடங்கிய கதை, ஸ்பெயின்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்தது. 1972இல் முத்து காமிக்ஸின் முதல் புத்தகமாகத் தமிழில் வந்ததும் அவர்தான். டீச்சர் சொல்வது லீ ஃபாக் 1936இல் உருவாக்கிய ஃபேண்டம். அவரை முத்து காமிக்ஸ் வேதாளர் என்றது, ராணி காமிக்ஸ் முகமூடி வீரர் மாயாவி என்றது. இரண்டு மாயாவிகள் ஒரே மலையில் நாற்பது வருடமாக உலவியிருக்கிறார்கள், ஒருவரையொருவர் சந்திக்காமலே.

எனக்கு ஐயாவின் மாயாவிதான். அவருடைய எஃகுக் கை மின்சாரத்தைத் தொட்டால் உடம்பு முழுக்க மறைந்துவிடும், அந்தக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். இதை நாங்கள் குப்பி லாம்பு வெளிச்சத்தில் படித்தோம். லயத்தில் கரண்ட் கிடையாது. "மாயாவி நம்ம தோட்டத்துக்கு வந்தா எப்படி மறைவாரு?" என்பது அன்றைக்குப் பெரிய கேள்வி. ஐயா சொன்ன பதில் இப்போதும் ஞாபகம் இருக்கிறது. கரண்ட் இருப்பது ஸ்டோரில், அதாவது தேயிலை ஃபேக்டரியில், மட்டும்தான். ஆகவே மாயாவி இராத்திரியில் கொழுந்து லொறியில் ஏறி ஸ்டோருக்குப் போவார், ரோலர் மெஷினின் வயரைத் தொடுவார், மறைவார். அப்புறம் நேரே துரை பங்களாவுக்கு. அங்கே என்ன நடந்தது என்பதை ஐயா ஒவ்வொரு தரமும் மாற்றிச் சொல்வார்.

மறுபதிப்பை வாங்கி நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனார். மூன்று படம். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுப் பார்த்தார்.

"இம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான் ஐயா."

"நான் சொன்னது நல்லாருந்துச்சு" என்று மூடி வைத்துவிட்டார். சரிதான், எனக்கும் அதுதான் பிடிக்கும்.

இதற்குள் தம்பி தன் பையிலிருந்து ஒரு மங்கா புத்தகத்தை எடுத்து ஐயாவிடம் நீட்டினான். ஐயா நம் வழக்கப்படி திறந்தார், முடிவுதான் முதலில் வந்தது. ஜப்பான்காரர்கள் வலமிருந்து இடமாகப் படிக்கிறவர்கள் என்று தம்பி விளக்கி, புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தான். "இரு தம்பி. கடைசிப் பக்கம் கிழியாம கையில கிடைச்சிருக்கு, முதல்ல அதைப் பார்த்துக்கிறேன்" என்று ஐயா விடவில்லை.

அவருக்கு அந்தப் புத்தகத்தில் பிடித்தது கறுப்பு வெள்ளை. இப்போது வரும் பளபள வண்ணத்தில் அவருக்கு நம்பிக்கை இல்லை. கௌபாய் நாயகன் டெக்ஸ் வில்லர் என்றால் மையில் வரைந்த முகத்தில் நிழல் விழ வேண்டும், வண்ணம் பூசினால் நம்ம இரவுக்கழுகார் (டெக்ஸின் பட்டப்பெயர்) சினிமாப் போஸ்டர் ஆகிவிடுகிறார் என்பது அவர் கட்சி. தம்பியும் இதில் அவர் பக்கம். வாரா வாரம் இருபது பக்கத்தை மட்டமான தாளில் அச்சடித்துத் தள்ளுவதால்தான் மங்காவுக்குக் கறுப்பு வெள்ளை, அதிலேயே பழகி அதிலேயே கெட்டிக்காரர்கள் ஆகிவிட்டார்கள் என்றான். என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. சிரிப்புக் கௌபாய் லக்கி லூக்கை மஞ்சளும் சிவப்பும் இல்லாமல் படிப்பது உப்பில்லாமல் சம்பல் தின்பது மாதிரி. ஆனால் நான் தனிக்கட்சி, ஓட்டெடுப்பில் தோற்றேன்.

டெக்ஸ் பற்றி ஐயா சொன்ன இன்னொன்றையும் எழுத வேண்டும். இத்தாலியில் அந்தத் தொடர் ஆரம்பித்தது 1948இல். "நம்ம குடியுரிமையைப் பறிச்ச வருஷம்" என்றார் ஐயா. வெள்ளைக்காரனாகப் பிறந்து நவஹோக்களுக்குத் தலைவனாக நிற்கும் ஆள் டெக்ஸ். செவ்விந்தியரோடு ஒப்பந்தம் போடுவதும், மை காய்வதற்குள் மீறுவதும் அந்தக் கதைகளில் வந்துகொண்டே இருக்கும். "ஒப்பந்தம்னு வந்தாலே நான் பக்கத்தைத் திருப்ப மாட்டேன், நல்லாப் படிப்பேன்" என்றார்.

தம்பி கொண்டுவந்தது மகோதோ யுகிமுராவின் வின்லாண்ட் சாகா. வைக்கிங் கதை. முதல் பகுதி முழுக்கக் கோடாரியும் இரத்தமும். அப்புறம் நாயகன் தோர்ஃபின் அடிமையாக டென்மார்க்கில் ஒரு பண்ணைக்கு விற்கப்படுகிறான், கதை அப்படியே நின்றுவிடுகிறது. நானும் அங்கேதான் படிப்பதை விட்டேன். அதைச் சொன்னதும் தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது.

"அண்ணே, அங்கதான் கதையே தொடங்குது."

காட்டை வெட்ட வேண்டும், வேர்க்கட்டையைப் பிடுங்க வேண்டும், கோதுமை போட வேண்டும். விளைந்ததை விற்றுத் தன் விலையைத் தானே கட்டினால் விடுதலை. பண்ணைக்காரன் கெட்டவன்கூட இல்லை, சிரித்துப் பேசுகிறவன். தம்பி ஒரு பக்கத்தைக் காட்டினான். இரண்டு பேர் ஒரு வேர்க்கட்டையோடு மல்லுக்கட்டுகிறார்கள், வசனமே இல்லை.

ஐயா எட்டிப் பார்த்தார். "இது துண்டுதானே" என்றார்.

தம்பிக்குத் துண்டு தெரியவில்லை. அவனுக்காக ஐயா சொன்னார்: வந்த செலவு, அரிசி, கம்பளி எல்லாம் ஆள் பேரில் கடனாக ஏறும். கடன் தீர்ந்தது என்று துண்டு எழுதிக் கொடுத்தால்தான் இன்னொரு தோட்டம் உன்னைச் சேர்க்கும். 1921இல்தான் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். அவருடைய தாத்தா அப்படி ஒரு துண்டோடு தோட்டம் மாறியவராம். தம்பி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். அந்தப் பண்ணைப் பகுதியை மறுபடி படிப்பதாக அவனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

டீச்சருக்கு இதில் திருப்தி இல்லை. எல்லாவற்றையும் ஊரான் கதையில் போய்த் தேட வேண்டியிருக்கிறதே என்பது அவர் ஆதங்கம். 2019இல் வந்த 'வன்னி' என்ற கிராஃபிக் நாவலை எடுத்து மேசையில் வைத்தார். பெஞ்சமின் டிக்ஸ் எழுதி லிண்ட்ஸே பொலக் வரைந்தது. யுத்தத்துக்குள் ஒரு தமிழ்க் குடும்பம். அதை எழுதியவரும் வெளியூர்க்காரர்தான், ஆனால் ஐ.நா.வுக்காக வன்னியில் வேலை செய்தவர். "நம்மளை யாரு வரைஞ்சிருக்கா?" என்று கேட்டார் டீச்சர். "தேயிலைப் பெட்டியில கொழுந்து எடுக்கிற பொம்பளை இருக்கா. எல்லாப் பெட்டியிலயும் சிரிக்கிறா. அட்டைப் படத்துக்கு நாங்க வேணும், அட்டை கடிச்ச காலை எவனும் வரைய மாட்டான்."

சிரித்துவிட்டோம். அப்போதுதான் தம்பி சீ.ஆர். கொப்பி என்கிற நோட்டுப் புத்தகம் ஒன்றை வெளியே எடுத்தான். முதல் பக்கத்தில் பென்சிலில் ஒரு பெண், முதுகில் கூடை. கயிறு நெற்றியில் அழுந்தியிருந்தது. ஐயா விரலால் தொட்டுக் காட்டினார்: கயிறு இன்னும் மேலே, உச்சந்தலையில் ஏற வேண்டும், கீழே துணி மடித்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மத்தியானத்துக்குள் கழுத்து போய்விடும். டீச்சர் குறுக்கே வந்தார். "இப்ப எங்க ஐயா கூடை? உரப்பைதானே." ஐயாவுக்குக் கூடைதான் வேண்டும். தம்பி ரப்பரைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பேரையும் பார்த்தான். கடைசியில் கூடையை அழித்துவிட்டு உரப்பையை வரைந்தான். இடுப்பில் படங்கு என்கிற தடித்த சாக்குத் துணி கட்ட மறந்திருந்தான், அதையும் போட்டான்.

காசு பற்றி ஒரு வார்த்தை. 400 இந்திய ரூபாய் போட்ட ஆல்பம் இங்கே வந்து சேரும்போது, தபால் செலவு இல்லாமலே நம் காசில் சுமார் 1,400 ரூபாய் ஆகிறது. தோட்டத் தொழிலாளிக்கு 2024இல் நிர்ணயித்த நாட்சம்பளமே 1,350 ரூபாயாகத்தான் இருந்தது. டீச்சர் மாதம் ஒரு புத்தகம் வாங்குகிறார், தம்பி போனில் படிக்கிறான். அவனைத் திருட்டுப் பதிப்பு என்று திட்ட எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் நாலு பேரும் மஸ்கெலியாவுக்குப் போனோம். தம்பிதான் கேட்டான். மவுசாக்கலை நீர்த்தேக்கம் கட்டும்போது பழைய மஸ்கெலியா டவுன் தண்ணீருக்குள் போனது. வெயில் காலத்தில் தண்ணீர் இறங்கினால் பழைய கோயில் தலை காட்டும். அன்றைக்கும் காட்டியது. வெடித்த சேற்றில் நடந்து போனோம். சுவரில் தண்ணீர் நின்ற மட்டங்கள் கோடு கோடாகத் தெரிந்தன, ஒரு தூணைச் சுற்றி உலர்ந்த பாசி. தம்பி ஒரு கல்லில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் வரைந்தான். முதல் பக்கத்தில் தண்ணீர் மட்டும், இரண்டாவதில் கோபுர நுனி, மூன்றாவதில் முழுக் கோயில், ஆள் யாருமே வேண்டாம் என்றான். ஐயா ஒரு பூசாரியாவது வேண்டும் என்றார். நான் தம்பி பக்கம். டீச்சர் செருப்பில் ஒட்டிய சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டே, முதலில் பரீட்சையை எழுது, அப்புறம் பூசாரியைப் பார்க்கலாம் என்றார்.

பஸ்ஸுக்குத் திரும்பும்போது ஐயா என் தோளில் தட்டினார். மாயாவியை இரவு பேத்தியிடம் கொடுத்தாராம். ஒன்பது வயது. கொடுக்கும் முன் கடைசிப் பக்கத்தில் துணி கிளிப் இரண்டு மாட்டிவிட்டாராம். முடிவை அவள் சொன்ன பிறகுதான் கழற்றலாம் என்று கட்டளை. துணி கிளிப் என்றதும் எனக்கு நெஞ்சு பகீர் என்றது, தாளில் தடம் விழுமே. அதை மறைத்துக்கொண்டு, "என்ன முடிவு சொன்னா?" என்று கேட்டேன்.

"மாயாவி எதுக்கு தாத்தா ஸ்டோருக்குப் போகணும், நம்ம காம்பராவுல போன் சார்ஜர் இருக்கே, அதைத் தொட்டா போதாதான்னு கேக்குறா."

சார்ஜரில் வருவது 5 வோல்ட்தானே. ஆளை மறைக்க அது காணுமா, இல்லை பாதி உடம்புதான் மறையுமா என்று பஸ் கினிகத்தேனைக்கு வரும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.