14 நாள் என்று எழுதியிருந்தது

கொளத்தூரில் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் மேல் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருக்கும். வீட்டில் எல்லோருடைய மாத்திரையும் அதில்தான். 2021 கடைசியில் அந்த டப்பாவில் எனக்கென்று ஒரு புது அட்டை சேர்ந்தது. வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் 40 மி.கி.யும் குமட்டலை அடக்கும் டோம்பெரிடோன் 30 மி.கி.யும் கலந்த கேப்சூல். அப்போதெல்லாம் எதைச் சாப்பிட்டாலும் வயிறு உப்பிக்கொள்ளும், புளித்த ஏப்பம் வரும், ராத்திரி படுத்தால் நெஞ்சு கரிக்கும். பக்கத்துக் கிளினிக்கில் எழுதிக் கொடுத்தார்கள். இரண்டே நாளில் நிம்மதியாகத் தூங்கினேன்.

சீட்டில் 1-0-0 என்று இருந்தது. அதை ஒட்டியே 14 நாள் என்றும் இருந்தது. முதல் விஷயத்தை மட்டும்தான் மனதில் வாங்கினேன். மாத்திரை தீர்ந்த நாலாம் நாள் எரிச்சல் திரும்பவே, மெடிக்கலில் காலி அட்டையை நீட்டினேன், கொடுத்துவிட்டார்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அட்டையிலேயே அச்சிட்டிருக்கிறது. கடைக்காரரும் கேட்கவில்லை, நானும் படிக்கவில்லை. இரண்டரை வருஷம் இப்படியே ஓடியது.

எனக்கு ஏற்கெனவே தைராய்டு குறைவு உண்டு. தினமும் தைராக்சின் 75 மைக்ரோகிராம். அதுவும் வெறும் வயிறு, கேப்சூலும் வெறும் வயிறு என்பதால் காலை 6 மணிக்கு இரண்டையும் ஒரே மடக்கு தண்ணீரில் விழுங்கிவிடுவேன். தைராய்டு குறைந்தால் ரத்தத்தில் ஏறும் டி.எஸ்.எச். என்ற ஹார்மோன், வருஷக்கணக்காக 3-ஐத் தாண்டாதது, 9-க்கு மேல் போனது. டோஸை 100 ஆக்கினார்கள், அப்படியும் பெரிதாக இறங்கவில்லை. முடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது. வில்லிவாக்கம் ஸ்டேஷன் படி ஏறுவதற்குள் கால் ஓய்ந்துவிடும். மாதவிடாய் இரண்டு மாதம் தள்ளிப்போகும், அப்புறம் வரும். எல்லாவற்றுக்கும் தைராய்டுதான் காரணம் என்று நினைத்திருந்தேன்.

2024-ல் வேறொரு நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் போனேன். அந்த அம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "அடுத்த தடவை நீங்க சாப்பிடற எல்லா மாத்திரையையும் ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டு வாங்கம்மா. சிரப், சூரணம், லேகியம் இருந்தா அதுவும்" என்றார். அதுவரை எந்த டாக்டரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை.

மேஜைமேல் கவரைக் கவிழ்த்தேன். தைராக்சின், அந்தக் கேப்சூல், கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை, முதுகுவலிக்கு அசிக்ளோஃபெனாக், நெஞ்செரிச்சலை உடனே தணிக்கும் ஒரு ஆன்டாசிட் சிரப். ஒவ்வொன்றையும் எடுத்து, எப்போது, எத்தனை நாளாக, யார் சொல்லி என்று கேட்டுக்கொண்டே வந்தார். கேப்சூல் அட்டையில் கை நின்றது. இரண்டரை வருஷம் என்றதும் அதைத் தனியாக நகர்த்தி வைத்தார்.

பொறுமையாக விளக்கினார். தைராக்சின் சரியாகக் கரைந்து உடம்பில் சேர வயிற்று அமிலம் வேண்டும். பான்டோபிரசோல் அந்த அமிலத்தை நாள் முழுக்கக் குறைத்து வைக்கிறது. அதனால் இரண்டுக்கும் நடுவே அரை மணி இடைவெளி விட்டாலும் பிரச்சினை முழுசாகத் தீராது, டி.எஸ்.எச்.-ஐத் திரும்பப் பார்த்து டோஸைத்தான் சரிசெய்ய வேண்டும். கால்சியம், இரும்பு, ஆன்டாசிட் மூன்றுக்கும் தைராக்சினிலிருந்து 4 மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

டோம்பெரிடோன் பற்றிச் சொன்னதுதான் என்னை உலுக்கியது. அது புரோலாக்டின் என்ற ஹார்மோனை ஏற்றிவிடும், மாதவிடாய் தள்ளிப்போகும். சிலருக்கு இதயத் துடிப்பின் ஒழுங்கும் கெடும். ஐரோப்பாவில் 2014-லேயே இதைக் குமட்டல், வாந்திக்கு மட்டும், 10 மி.கி. வீதம் நாளைக்கு அதிகபட்சம் மூன்று வேளை, அதுவும் பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம் என்று கட்டுப்படுத்திவிட்டார்கள். "நடுவுல ஆன்டிபயாட்டிக் ஏதாவது போட்டீங்களா?" என்றார். இருமலுக்கு ஐந்து நாள் கிளாரித்ரோமைசின் சாப்பிட்டிருந்தேன். "கூடவே இதையுமா?" ஆமாம் என்றேன். இரண்டும் சேரவே கூடாதாம். கிளாரித்ரோமைசின் இருக்கும்போது டோம்பெரிடோன் ரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும், துடிப்பு சிக்கல் வரும் வாய்ப்பும் கூடும். அன்றைக்கே ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னார். நல்லவேளை, அதில் ஒன்றும் இல்லை. புரோலாக்டின்தான் கூடுதலாக இருந்தது.

சாப்பாடு இறங்கும்போது அடைக்கிறதா, காரணமில்லாமல் எடை குறைந்ததா, மலம் தார் மாதிரி கறுப்பாகப் போகிறதா, வாந்தியில் ரத்தம் வந்ததா என்றெல்லாம் கேட்டார். ஒன்று இருந்தாலும் நேரே எண்டோஸ்கோப்பிதான். எனக்கு எதுவும் இல்லை. ஆனால் அசிக்ளோஃபெனாக்கை வாரத்தில் மூன்று நாலு நாள் போட்டுக்கொண்டிருந்தேன். "ஒரு பக்கம் வயித்தைப் புண்ணாக்கற மாத்திரை, இன்னொரு பக்கம் ஆத்தற மாத்திரை. முதல்ல இதை விடுங்க" என்றார். முதுகுக்குப் பிசியோதெரபி எழுதித் தந்தார்.

அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறது, அவரும் தினமும் பான்டோபிரசோல் சாப்பிடுகிறார், நிறுத்திவிடலாமா என்று கேட்டேன். கூடவே கூடாது என்றார். ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்த்துச் சாப்பிடுபவருக்கு வயிற்றில் ரத்தக்கசிவு வராமல் காப்பதே அந்த மாத்திரைதானாம். கடையில் அது இல்லை என்று ஓமிபிரசோலை மாற்றிக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம், அது குளோபிடோக்ரெலின் வேலையைக் குறைத்துவிடும் என்றும் சொன்னார். ஒரே மாத்திரை அவருக்குத் தேவை, எனக்கு இல்லை. இதைக் கேட்காமல் வீட்டுக்குப் போயிருந்தால் நானே அப்பாவின் மாத்திரையை நிறுத்தியிருப்பேன்.

கலவைக் கேப்சூலை அன்றோடு விட்டேன். வெறும் பான்டோபிரசோல் 40 இரண்டு வாரம், 20 இரண்டு வாரம், பிறகு ஒன்றுமில்லை. மாத்திரையைக் காலை உணவுக்கு அரை மணி முன்னால் போடச் சொன்னார். அதன் வேலை நாள் முழுக்க நின்றாலும், அது ரத்தத்தில் சில மணி நேரம்தான் தங்கும். சாப்பாடு வந்து அமிலம் சுரக்க ஆரம்பிக்கும் நேரத்தில் அது அங்கே இருந்தாக வேண்டும். மாமியார் விழுங்கக் கஷ்டப்பட்டு இதே மாத்திரையைக் கல்லில் நுணுக்கி மோரில் கலக்குவார். அமிலத்தில் கரையாமல் இருக்கத்தான் மேலே பூச்சு பூசியிருக்கிறது, நுணுக்கினால் குடலுக்குப் போவதற்குள் மருந்து கெட்டுவிடும் என்று தெரிந்ததும் முதலில் அந்தக் கல்லை எடுத்து வைத்தேன்.

முழுசாக நிறுத்திய பிறகு வந்த பத்து நாள்தான் கஷ்டம். ரொம்ப நாள் அடக்கி வைத்த அமிலம் நிறுத்தியதும் முன்பைவிட அதிகமாகச் சுரக்கும், சில வாரத்தில் அடங்கும், வியாதி திரும்பிவிட்டது என்று பயப்படாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தை இல்லையென்றால் மறுபடி மெடிக்கல் வாசலில்தான் நின்றிருப்பேன். படுக்கும்போது அமிலம் மேலே ஏறாமல் இருக்க, கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் ஒவ்வொரு செங்கலை, சாக்குத்துணி சுற்றி வைத்தோம். பத்து மணிச் சாப்பாடு ஏழரைக்கு வந்தது. ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து, ஆன்டாசிட் குடிக்கலாமா, 6 மணிக்குத் தைராக்சின் இருக்கிறதே என்று விரல் விட்டு எண்ணினேன். நாலு மணி நேரம் இருந்தது. குடித்தேன்.

ஒன்று மட்டும் இங்கே சொல்ல வேண்டும். எங்கள் மாடி வீட்டுக்காரர் கேஸ் என்று நினைத்து சோடா குடித்துக்கொண்டிருந்தார், அது மாரடைப்பு. அவர் மனைவி வியர்வையைப் பார்த்துவிட்டு 108-ஐக் கூப்பிட்டதால் பிழைத்தார். நெஞ்சு அழுத்தம் கை, தாடைக்குப் பரவினாலோ, வியர்த்து மூச்சு வாங்கினாலோ, எந்த வயிற்று மாத்திரையையும் தேடாமல் ஈ.சி.ஜி.க்கு ஓடுங்கள்.

மாத்திரை நிறுத்தி இரண்டு வாரம் ஆனபின்தான் வயிற்றில் புண் உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமிக்கு மலப் பரிசோதனை. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே பார்த்தால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டலாம். எனக்கு நெகட்டிவ். எட்டு வாரம் கழித்து டி.எஸ்.எச். பார்த்தால் 0.3, தைராக்சின் இப்போது அதிகமாகிவிட்டது. பழையபடி 75. புரோலாக்டின் இறங்கியது, மாதவிடாயும் ஒழுங்குக்கு வந்தது.

போன தீபாவளிக்குப் பிறகு திரும்ப நெஞ்சு கரித்தது. அதே டாக்டர் பான்டோபிரசோல் 20, 14 நாள் என்று எழுதினார். கடைக்காரர் அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டப் போனார். பெயரும் காலாவதித் தேதியும் இருக்கிற பக்கமாகக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கி, பின்பக்கம் முடியும் தேதியை மார்க்கரில் எழுதினேன். 15-ஆம் நாள் காலை 6 மணிக்குத் தைராக்சினை மட்டும் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.