துவாஸ் வரை ஒரு கடைசிச் சவாரி

2025 ஆகஸ்ட் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை காலை எட்டரை மணிக்குச் சிங்கப்பூரின் வடக்கே உள்ள யீஷூனிலிருந்து எங்கள் காரில் கிளம்பினோம். முன் சீட்டில் அப்பா. அவர் மடியில் ஒரு துணிப்பை. அதற்குள் டாஷ்போர்டில் பத்து வருடமாக இருந்த சின்ன முருகன் சிலை. சிலையைப் பெயர்த்த இடத்தில் மட்டும் பிளாஸ்டிக் புதுக் கறுப்பாக இருந்தது. சுற்றிலும் வெயில் பட்டு வெளுத்திருந்தது.

போன இடம் தீவின் மேற்குக் கோடியில் இருக்கும் துவாஸ். அங்கே ஒரு வாகன உடைப்புக் கிடங்கில் வண்டியை ஒப்படைத்துவிட்டு ரயிலில் திரும்ப வேண்டும். அடுத்த செவ்வாய்க்கிழமையோடு எங்கள் டொயோட்டா ஆல்டிஸுக்குப் பத்து வயது முடிய இருந்தது. ஓடியது 142,000 கிலோமீட்டர். எஞ்சினில் ஒரு குறையும் கிடையாது. திருச்சியில் இருக்கும் அத்தை மகனிடம் போனில் சொன்னபோது, "ஏன், ஆக்சிடென்ட் ஆயிடுச்சா?" என்று பதறிவிட்டான். அவன் வீட்டில் 1998ஆம் வருடத்து மாருதி 800 இன்னும் ஓடுகிறது. நல்லா இருக்கிற வண்டியை உடைக்கக் கொடுப்பதை அவனுக்கு விளக்கி முடிக்க அரை மணி நேரம் ஆனது.

சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. வெளியூரில் இருந்து படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே வண்டி வாங்குவதற்கு முன் அதை வைத்திருக்கும் உரிமையை வாங்க வேண்டும். அதுதான் சிஓஇ. 1990இல் வந்தது. மாதம் இரண்டு முறை ஏலம், ஒரு முறை எடுத்தால் பத்து வருடம் செல்லும். பத்து வருடம் ஆனதும், அப்போதைய மூன்று மாத சராசரி விலையைக் கட்டிப் புதுப்பிக்கலாம், இல்லையென்றால் வண்டியை ஒப்படைக்க வேண்டும். எங்களுக்கு வந்த புதுப்பிப்புக் கணக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). ஐந்து வருடத்துக்கு மட்டும் என்றால் அதில் பாதி. ஆனால் அதற்கப்புறம் மறுபடி புதுப்பிக்க முடியாது. நானும் அப்பாவும் சாப்பாட்டு மேசையில் இரண்டு வாரம் பேசிப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று முடிவெடுத்தோம். வண்டியை ஒப்படைத்த பிறகு, அக்டோபர் முதல் ஏலத்தில், சிறிய எஞ்சின் கார்களுக்கான எங்கள் ஏ பிரிவு 128,105 வெள்ளிக்குப் போனது. அன்று அப்பா நாளிதழை மடித்து வைத்துவிட்டு ஒன்றும் பேசவில்லை.

வாங்கிய கணக்கையும் சொல்லிவிடுகிறேன். யாராவது முதல் வண்டி வாங்க யோசித்துக்கொண்டிருந்தால் உதவும். 2015இல் நாங்கள் கொடுத்த விலை 110,000 வெள்ளி. துறைமுகத்தில் வந்து இறங்கியபோது வண்டியின் மதிப்பு, இங்கே ஓஎம்வி என்பார்கள், வெறும் 18,000. அதன்மேல் 20 விழுக்காடு சுங்க வரி, அப்புறம் ஜிஎஸ்டி, அப்புறம் வண்டியின் மதிப்புக்குச் சமமாக இன்னொரு 18,000 பதிவுக் கட்டணம். சிஓஇ மட்டும் 60,000ஐ ஒட்டி. மீதி விற்றவரின் பங்கு. இரும்பு, கண்ணாடி, டயர் எல்லாம் சேர்த்துப் பார்த்தாலும் கொடுத்த பணத்தில் ஆறில் ஒரு பங்குதான் வண்டிக்குப் போனது. மீதியெல்லாம் அதைச் சாலையில் இறக்குவதற்கான விலை.

அப்போது கடன் விதி கடுமையாக இருந்தது. 20,000க்குள் ஓஎம்வி உள்ள வண்டிக்கு விலையில் 60 விழுக்காடுதான் கடன் கிடைக்கும், ஐந்து வருடத்தில் கட்டி முடிக்க வேண்டும். 2016இல்தான் அதை 70 விழுக்காடு, ஏழு வருடம் என்று தளர்த்தினார்கள். கையிருப்பில் 44,000 போட்டு, 66,000 கடன் எடுத்தேன். வட்டி 2.5 விழுக்காடு என்றார்கள். கேட்க இதமாக இருந்தது. ஆனால் வண்டிக் கடனில் அந்த வட்டியை முதல் நாள் கடனுக்கே ஐந்து வருடமும் போடுவார்கள். 66,000 பாக்கி இருக்கும் மாதத்தில் என்ன வட்டியோ, ஆயிரத்துச் சொச்சம் பாக்கி இருக்கும் கடைசி மாதத்திலும் அதே வட்டி. மொத்தம் 8,250 வெள்ளி. குறையும் பாக்கிக்கு வட்டி போட்டிருந்தால் என்ன விகிதம் என்று பிறகு கணக்குப் போட்டேன், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வந்தது. விற்றவர் மாதத் தவணை 1,237 வெள்ளி 50 காசு என்பதை மட்டும் தாளில் பெரிதாக எழுதிக் காட்டினார். நானும் அதை மட்டும்தான் பார்த்தேன்.

தவணையைப் பார்க்காதீர்கள், வருடத் தேய்மானத்தைப் பாருங்கள் என்பேன். கொடுத்த விலை, வட்டி இரண்டையும் கூட்டி, கடைசியில் திரும்ப வருவதைக் கழித்து, பத்தால் வகுத்தால் எங்களுக்கு வருடத்துக்கு ஏறத்தாழ 10,900 வெள்ளி. பெட்ரோல், காப்புறுதி, சாலை வரி, மாதம் 110 வெள்ளி சீசன் பார்க்கிங் எல்லாம் தனி.

இவ்வளவு கணக்குப் பார்த்தாலும் அந்த வண்டியை வாங்கியதில் எனக்கு ஒரு வெள்ளிகூட வருத்தம் இல்லை. அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். முடிந்து வெளியே வரும்போது அவரால் நிற்கக்கூட முடியாது. ஆறு வருடம் அந்தப் பின் சீட்டில் படுத்தபடி வந்தார். 2021இல் தவறிவிட்டார். சீட்டின் இடது ஓரத்தில் அவர் தலையணை வைக்கும் இடம் கொஞ்சம் அழுந்தியே இருந்தது.

வண்டி வந்த அன்று யீஷூன் புனிதமரம் முருகன் கோயிலுக்குத்தான் முதலில் கொண்டுபோனோம். நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து அம்மா ஏற்றச் சொன்னார். அன்று போலவே இந்தச் சனிக்கிழமையும் கோயில் வாசலில் ஒரு நிமிடம் நிறுத்தினேன். அப்பா இறங்கவில்லை, உட்கார்ந்தபடியே கும்பிட்டார்.

எஸ்எல்இ, பிகேஇ, கேஜேஇ, அப்புறம் பிஐஇ என்று விரைவுச்சாலைகளிலேயே போனோம். சனிக்கிழமைக் காலை என்பதால் சாலை காலியாகத்தான் இருந்தது. மேற்கே போகப் போக அடுக்குமாடி வீடுகள் குறைந்து தொழிற்சாலைகள் வந்தன. தொழிலாளர்களை ஏற்றிய லாரிகள் கூடவே வந்தன. துவாஸில் காற்றே வேறு மாதிரி இருக்கும். எண்ணெய் வாடையும் கடல் வாடையும் கலந்து அடிக்கும்.

கிடங்கு வாசலில் எங்களுக்கு முன்னால் நான்கு வண்டிகள் நின்றன. நான்குமே பளபளவென்று இருந்தன. ஒன்றில் குழந்தை இருக்கையைக்கூட இன்னும் கழற்றவில்லை. உள்ளே மூன்று அடுக்காக வண்டிகளை ஏற்றி வைத்திருந்தார்கள். நசுங்கியது, எரிந்தது என்று நான் மனதில் வைத்திருந்த படத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வெளிநாட்டில் பழைய கார்க் கிடங்கு என்றால் துருவும் புல்லும் சேர்ந்து ஐம்பது வருடத்து மாடல்கள் கிடக்கும் படங்களைத்தான் பார்த்திருக்கிறோம். இங்கே வண்டி துருப் பிடிக்கும் வயதுக்கே வருவதில்லை.

எங்கள் வண்டியைப் பார்த்துக்கொண்டவர் அறந்தாங்கிப் பக்கத்துத் தம்பி. ஏழு வருடமாக இதே வேலை. "அக்கா, முதல்ல எண்ணெய், பெட்ரோல், கூலன்ட் எல்லாம் வடிச்சிருவோம். ஏசி கேஸை மெஷின் வச்சு எடுப்போம். பேட்டரி தனி, டயர் தனி. சைலன்ஸர்ல இருக்க, புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக்கைப் பத்திரமா வெட்டி எடுப்போம், அதுக்குள்ள பிளாட்டினம் இருக்கு" என்று விரல்விட்டு எண்ணினார். எஞ்சினும் கியர்பாக்ஸும் நன்றாக இருந்தால் உதிரிப் பாகமாக வெளிநாட்டுக்குப் போகுமாம். முழு வண்டியாகவே கப்பல் ஏறுகிறவையும் உண்டு. எங்களுடையதற்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. பக்கத்தில் இருந்த வண்டிக்கு அடியில் படுத்து ஆணியைத் திருகினார். எண்ணெய் கயிறு மாதிரி ஒரே இழையாக டிரம்மில் இறங்கியது. தேன் நிறம். "இப்பத்தான் மாத்தியிருப்பாங்க போல" என்றார், வருத்தமாக.

அப்பாவை எங்கே காணோம் என்று தேடினேன். கிடங்கின் கடைசி மூலையில், தார்ப்பாய் பாதி விலகிய ஒரு கார்க் கூட்டின் பக்கத்தில் நின்றிருந்தார். டட்சன் 120ஒய். எழுபதுகளில் இந்த ஊர் முழுக்க ஓடிய வண்டி. கதவு ஒன்று இல்லை, சீட்டுகள் இல்லை, முன் விளக்கு இருந்த இடத்தில் ஓட்டை. ஸ்டீயரிங் மட்டும் இருந்தது. எங்கள் வீட்டிலும் ஒரு 120ஒய் இருந்தது, மஞ்சள் நிறம். எனக்கு ஆறு வயதாகும்வரை.

அப்பா ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஸ்டீயரிங்குக்குக் கீழே தடவினார். "இங்கதான் சோக் இருக்கும். காலைல இதை இழுத்துப் பிடிச்சு, ரெண்டு தடவை ஆக்ஸிலரேட்டரை மிதிச்சு, அப்புறம்தான் சாவி. மழை நாள்ல கெஞ்சணும்." அவருக்கு வயது 78. முழங்கால் வலியால் வீட்டில் நாற்காலியை விட்டு எழவே யோசிப்பவர், அந்த வண்டியைச் சுற்றி இரண்டு முறை நடந்தார்.

கிடங்கு முதலாளி சீனர். மலாயும் ஆங்கிலமும் கலந்து அப்பாவிடம் பேசினார். அந்தக் கூட்டை நசுக்க மாட்டாராம். சொந்த டட்சனை எழுப்பிக்கொண்டிருக்கும் ஒருவர் சனிக்கிழமைதோறும் வந்து வேண்டியதைக் கழற்றிக்கொண்டு போகிறாராம். 35 வயது தாண்டிய வண்டிக்கு இங்கே கிளாசிக் திட்டம் உண்டு. வருடத்தில் 45 நாள் மட்டும் ஓட்டலாம், வண்டி பழைய அமைப்பு மாறாமல் இருக்க வேண்டும். அதனால் அசல் பாகத்துக்கு அலைகிறார்கள். எங்கள் ஆல்டிஸ் அந்த வயதைத் தொட வேண்டுமென்றால் 2025, 2035, 2045 என்று மூன்று முறை சிஓஇ கட்ட வேண்டும். இந்த ஊரில் பிறந்து வளர்ந்து கிளாசிக் ஆகும் வண்டி இனிமேல் அபூர்வம்தான். எனக்கு அது உண்மையாகவே துக்கமாக இருக்கிறது. சாலை நெரிசல், இடப் பற்றாக்குறை எல்லாம் புரிகிறது. இருந்தாலும் அப்பாக்கள் ஓட்டிய வண்டியைப் பிள்ளைகள் தொட்டுப் பார்க்க ஒரு மூலைக் கிடங்காவது வேண்டும்.

அலுவலக அறையில் போனிலேயே பதிவு நீக்கம் முடிந்தது. பத்து வயதுக்குள் ஒப்படைத்ததால் அன்று கட்டிய 18,000 பதிவுக் கட்டணத்தில் பாதி, 9,000 வெள்ளி திரும்ப வரும். அதற்குப் பெயர் பார்ஃப். செவ்வாய் தாண்டியிருந்தால் அதுவும் இல்லை. வண்டிக்கென்று கிடங்கில் கொடுத்தது 600. உறுதி செய்யும் பொத்தானை அழுத்தியதும் அந்த நொடியிலிருந்து அதைச் சாலையில் ஓட்டக் கூடாது. வாசலில் அதன் எஞ்சின் சூடு இன்னும் ஆறவில்லை. தம்பி கண்ணாடியில் வெள்ளைப் பேனாவால் ஒரு எண் எழுதினார்.

துவாஸ் லிங்க் ரயில் நிலையம்வரை அவரே லாரியில் கொண்டுவந்து விட்டார். "பார்த்துப் போங்க ஐயா" என்று அப்பாவின் கையைப் பிடித்து இறக்கினார். பாதை உயரத்தில் போவதால் ரயிலில் இருந்து கூரைகளும் கிரேன்களும் தெரிந்தன. கல் சர்க்கிள் தாண்டும்போது அப்பாவாகவே ஆரம்பித்தார்.

"நம்ம டட்சன் 78ல வாங்குனது. 88ல பத்து வயசு."

"மலேசியாவுல, ஜொகூர்ல ஒருத்தருக்கு வித்துட்டோம்னு சொன்னீங்களேப்பா."

"இல்லம்மா. அப்பவே பார்ஃப் இருந்துச்சு. 75லயே கொண்டுவந்துட்டாங்க. பழசைப் பத்து வருசத்துக்குள்ள கழிச்சா, புதுசுக்குப் பதிவுக் கட்டணம் குறையும். அதுக்காகவே ஒரு டீலர் வந்து எடுத்துட்டுப் போனார். நேரா உடைக்கத்தான். நீ மஞ்சக் காரு எங்கேன்னு ஒரு வாரம் அழுதே. உங்கம்மாதான் ஜொகூர்னு சொல்லச் சொன்னா."

ஜூ கூனில் கூட்டம் ஏறியது. அப்பா துணிப்பையை மடியில் இன்னும் கொஞ்சம் இழுத்து அணைத்துக்கொண்டார். ஜூரோங் ஈஸ்டில் இறங்கி, யீஷூன் பக்கம் போகும் ரயிலுக்கு மாறினோம்.