கருப்பு கடைசி

ஜனவரி 27, திங்கள்
வலது கண்ணில் புரை அறுவைக்குப் பிப்ரவரி 13 என்று நாள் குறித்துவிட்டார்கள். கருப்பையும் நீலத்தையும் தாளின் ஓரத்தில் அடுத்தடுத்துத் தீட்டிப் பார்த்தேன். இன்றும் ஒன்றாகவே தெரிந்தன.

ஜனவரி 29
பனி ஈரம். தாள் உலரவில்லை.

ஜனவரி 31
நீர்வண்ணத்தில் வெள்ளைச் சாயத்தைத் தொடாமல், வெளிச்சம் வேண்டிய இடத்தில் தாளை அப்படியே விட்டுவிடுவதே நான் பழகிய முறை. ஆகவே, ஏழு திரைகள் விலகியபின் சுடரைத் தரிசிக்கும் வள்ளலாரின் வடலூர் ஞானசபையை வரைய உட்கார்ந்தவன் சுடரை முதலில் முடித்தாக வேண்டும். அதாவது, அங்கே எதையும் செய்யாதிருக்க வேண்டும். அதன்பின் கலப்பு, வெண்மை, பொன்மை, சிவப்பு, பச்சை, நீலம், கருப்பு என ஏழு திரைகளையும் உள்ளிருந்து வெளியே இட்டு வரவேண்டும். தரிசிக்கப் போகிறவனுக்கு முதலில் விலகும் கருப்பு எனக்குக் கடைசி. ஒளியை வெளிக்கொணர்வதே சித்திரம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த நான் இத்தனை காலம் செய்தது மறைக்கும் தொழில்தானா? இறைவனின் ஐந்தொழிலில் மறைத்தலும் அருளின் பாற்பட்டதே என்று சைவ சித்தாந்தச் சொற்பொழிவுகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். கையில் தூரிகையோடு கேட்டதில்லை.

பிப்ரவரி 2
மகள் பேசினாள். “எல்லாம் தெளிவாகிடும்ப்பா” என்றாள். இதே அறுவைக்குப் பின், 1923இல், ஓவியர் மோனே நீலம் மிகுந்து தெரிவதாகக் குறைபட்டுக்கொண்டதை அவளிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 5
கருப்புத் திரையை மாயாசக்தி என்றும் நீலத் திரையைக் கிரியாசக்தி என்றும் சொல்வார்கள். எனக்கு இப்போது மாயையும் கிரியையும் ஒரே நிறம். தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

பிப்ரவரி 8
கலப்புத் திரை மூன்றாம் முறையும் சேறாகிவிட்டது. பிறகு நிறங்களைக் கலக்காமல், ஒன்று உலர்ந்தபின் மற்றொன்றாக மெல்லிய பூச்சுகள் கொடுத்தேன். தேவனாம்பட்டினத்துக் கரையில் கிடக்கும் கிளிஞ்சலின் உட்புறம் போல வந்திருக்கிறது, என் கண்ணை நம்பலாமென்றால்.

பிப்ரவரி 11, தைப்பூசம்
பத்து மணித் தரிசனம். திரைகள் ஒவ்வொன்றாக விலகியபோது முதல் இரண்டும் எனக்கு ஒன்றாகவே விலகின. சுடரைச் சுற்றி ஒரு வளையம் நின்றது. அது சுடருடையதா, என் கண்புரையுடையதா என்று கடலூர் வரும்வரை பேருந்தில் யோசித்துக்கொண்டே வந்தேன். எனக்கு முன்னால் பேரனைத் தோளில் ஏற்றி நின்றவர், “தெரிஞ்சுதா?” என்றார். “மறைச்சுட்டாங்க” என்றது குழந்தை.

பிப்ரவரி 12
கருப்பை இன்னும் இடவில்லை. இன்று இட்டால் டியூபில் எழுதியிருக்கும் பெயரை நம்பி இடுவேன். ஒரு வாரம் கழித்து இட்டால் பார்த்து இடுவேன். கிண்ணத்தில் கரைத்து வைத்தாயிற்று. சொட்டு மருந்துக்கு நேரமாகிறது.