கோதுமைக்கு ஒரே விலை, நெல்லுக்கு ஒரே ஈரம்

ஐப்பசி மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு மத்தியானம். நீடாமங்கலம் பக்கம் எங்கள் ஊர்க் கொள்முதல் நிலையக் களத்தில் தம்பியோடு நின்றிருந்தேன். நான்கு நாளாக அவனுடைய குறுவை நெல் அங்கேதான் தார்ப்பாய்க்குள் கிடந்தது. ஈரம் பார்க்கும் மிஷினில் ஒரு கை நெல்லைப் போட்டார்கள். 20.4 சதவீதம் காட்டியது. "பதினேழுக்கு மேல எடுக்க முடியாதுங்க, காயவெச்சுக் கொண்டாங்க" என்றார் அங்கிருந்தவர். வெயிலே இல்லை, எங்கே காயவைப்பது? தம்பி ஒன்றும் பேசவில்லை. தார்ப்பாயை விலக்கிவிட்டு, காலால் நெல்லைத் துழாவ ஆரம்பித்தான்.

மறுநாள் கல்லூரியில் எனக்கு ஐரோப்பியப் பொதுச் சந்தைப் பாடம். இருபது வருடமாக நடத்துகிறேன். நடத்தி முடித்ததும் முன்வரிசைப் பெண் ஒருத்தி கேட்டாள்: "ஆறு நாடு எப்படி மேடம் கோதுமைக்கு ஒரே விலை வெச்சாங்க?" அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி உள்ளிட்ட ஆறு நாடுகள் சேர்ந்து பொதுச் சந்தையை உண்டாக்கிய 1957 ரோம் ஒப்பந்தத்தில், வேளாண்மைக்குப் பொதுக் கொள்கை வேண்டும் என்று இருக்கிறது. அதன் நோக்கங்களும் இருக்கின்றன. எந்தப் பொருளுக்கு எந்த ஏற்பாடு, என்ன விலை என்பதெல்லாம் இல்லை. அதைப் பிறகு பேசித்தான் கண்டுபிடித்தார்கள். 1958 ஜூலையில் இத்தாலியின் ஸ்ட்ரேசாவில் கூடியபோது, அமைச்சர்களோடு விவசாய சங்கத்துக்காரர்களும் வந்திருந்தார்கள். எனக்கு இந்த ஒரு விஷயம் பெரிதாகப் படுகிறது. விதி எழுதுவதற்கு முன்பே, அந்த விதியால் வாழவோ சாகவோ போகிறவர்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

விதிகளுக்கு வரைவு எழுதுவது, பொதுச் சந்தையின் நிர்வாக அமைப்பான பிரஸ்ஸல்ஸ் ஆணையத்தின் வேலை. வேளாண்மைப் பொறுப்பில் இருந்த சிக்கோ மான்ஸ்ஹோல்ட், தானே நிலத்தில் பயிர் செய்தவர். முடிவெடுப்பது ஆறு நாட்டு அமைச்சர்கள். 1961 டிசம்பர் 31-க்குள் முதல் விதிகள் முடிந்தாக வேண்டும், முடியவில்லை. கடிகாரத்தை நிறுத்திவைத்ததாகக் கணக்குக் காட்டிவிட்டு, புது வருடத்திலும் பேசினார்கள். 45 கூட்டங்கள், 137 மணி நேரம், மூன்று பேருக்கு மாரடைப்பு. முடிந்த நாள் 1962 ஜனவரி 14. நம் வீட்டு வாசல்களில் பொங்கல் பொங்கிய நேரம் அங்கே அவர்கள் கையெழுத்துக்கு வந்திருக்கிறார்கள்.

அதிலும் கோதுமை விலை மட்டும் தீரவில்லை. ஜெர்மனியில் விலை அதிகம், பிரான்சில் குறைவு. நடுவில் ஒரு விலை வைத்தால் ஜெர்மன் விவசாயிக்கு வருமானம் இறங்கும். அரசாங்கத்துக்கோ அவனுடைய வாக்கும் வேண்டும். இழுத்து இழுத்து, 1964 டிசம்பர் 15-ஆம் தேதிதான் ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்ட விலை அமலுக்கு வந்ததோ 1967 ஜூலை 1-ஆம் தேதி. அதாவது இரண்டரை வருட அவகாசம். விலை இறங்கிய நாடுகளின் விவசாயிகளுக்குப் பொதுப்பணத்திலிருந்து இழப்பீடு வேறு.

எல்லாம் சுமுகமாக நடந்துவிடவில்லை. அந்தக் கொள்கைக்குப் பணம் எங்கிருந்து வருவது, பெரும்பான்மை வாக்கால் ஒரு நாட்டை மடக்கலாமா என்ற சண்டையில், 1965 ஜூலையிலிருந்து பிரான்ஸ் கூட்டங்களுக்கே வரவில்லை. நாற்காலி காலியாகக் கிடந்தது. 1966 ஜனவரி கடைசியில், லக்சம்பர்க்கில் ஓர் உடன்பாடு கண்ட பிறகே திரும்பினார்கள். உயர்த்தி வைத்த விலையால் பின்னாளில் வெண்ணெய் மலையாய்க் குவிந்தது, 1984-இல் பால் உற்பத்திக்கு உச்ச அளவு வைத்தார்கள். அந்தத் தவறையும் சேர்த்தே பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும்.

ஆனால் என் மனசு, விலை மாறும் முன் விவசாயிக்குக் கொடுத்த அந்த இரண்டரை வருடத்திலேயே நிற்கிறது. இங்கே நெல்லுக்கு 17 சதவீத ஈரம் என்பது இந்தியா முழுமைக்கும் ஒரே அளவு. பஞ்சாபில் மழை ஓய்ந்த பிறகு அறுக்கிறார்கள். நாங்கள் வடகிழக்குப் பருவமழை இறங்கும்போது அறுக்கிறோம். மாநிலம் தளர்வு கேட்டு எழுதுகிறது, மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துப் போகிறது, அடுத்த ஆண்டும் அதே கடிதம். மழை வருவது நமக்குப் புதிதா? பொது அளவு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அளவு வைக்கும் நாளிலேயே, டெல்டாவின் ஐப்பசியும் அந்த அறைக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும் என்கிறேன்.

அன்று ராத்திரி தம்பியிடம் போனில் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான்.

"அந்த இழப்பீடு எத்தனை வருஷம் குடுத்தாங்கக்கா?"

"மூணு வருஷம். வருஷா வருஷம் குறைச்சுக்கிட்டே."

"மூணு வருஷமா?" என்றான். பின்னால் தார்ப்பாய் படபடக்கும் சத்தம் கேட்டது. "அக்கா, தூறல் போடுது, வைக்கிறேன்."