மெலியெஸின் கத்தரியும் பஸ்த்ரோனேயின் வண்டியும்

மௌனப் பட உத்திகளைப் போனிலேயே எடுத்துப் பார்க்கும் வேலை கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. முதலில் பிரெஞ்சு இயக்குநர் ஜார்ஜ் மெலியெஸ். 1896-இல் எடுத்த ஒரு குறும்படத்தில் நாற்காலியில் இருக்கும் பெண்ணைத் துணியால் மூடுவார், துணியை எடுத்தால் ஆள் இருக்க மாட்டாள். பிறகு அங்கே ஒரு எலும்புக்கூடு வந்து உட்காரும். எலும்புக்கூட்டுக்கு எங்கே போவது? என் தங்கை மறைந்த இடத்தில் தலையணை வந்தது.

கேமராவை நிறுத்து, ஆளை மாற்று, திரும்ப ஓட்டு, அவ்வளவுதான் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். போதாது. ஆள் மாறும் வரை நான் அசையாமல் நின்றாலும் கை இம்மியளவு இறங்கிவிடுகிறது. இணைப்புக்கு முன்னும் பின்னும் சில ஃபிரேம்களை வெட்டிய பிறகுதான் மாயம் சரியாக வந்தது. மெலியெஸின் பிரதிகளிலும் இந்த இடங்களில் ஃபிலிம் வெட்டி ஒட்டப்பட்டிருப்பதை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அவர் சொன்னதோ வேறு கதை: பாரிஸ் தெருவில் கேமரா சிக்கி நின்றதாம், அதற்குள் பயணிகள் வண்டி பிண வண்டியாகிவிட்டதாம். தொழில்முறை மந்திரவாதி, கத்தரியைப் பற்றி வாய் திறப்பாரா!

போனில் எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, பூட்டி வையுங்கள். இல்லாவிட்டால் ஆள் மாறும்போது வெளிச்சமும் குதிக்கும்.

அப்புறம் டிராலி, அதாவது கேமராவை ஏற்றித் தள்ளும் சக்கர வண்டி. மெலியெஸின் 1902 படமான ‘நிலவுப் பயணம்’ சுமார் 260 மீட்டர் ஃபிலிம். வினாடிக்கு 16 ஃபிரேம் ஓட்டினால் கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அவ்வளவு நேரமும் கேமரா பெரும்பாலும் நாடகக் கொட்டகையின் நடு இருக்கையில் இருப்பதுபோல அசையாது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும் படத்தில் அது செல்லாது. 1914-இல் ‘கபிரியா’ எடுத்த இத்தாலியர் ஜொவான்னி பஸ்த்ரோனே கேமராவைச் சக்கர வண்டியில் ஏற்றி, பிரம்மாண்டமான செட்டுகளுக்குள் மெல்ல நகர்த்தினார்.

என் வண்டி, சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி. டைல்ஸ் இடுக்குகளில் தடதடவென்று ஆடியது. கீழே பிளைவுட் போட்டதும் அடங்கியது. நேராகத் தள்ளினால் ஜூம் செய்த மாதிரி சப்பென்று இருக்கிறது. பஸ்த்ரோனேயைப் போலச் சாய்வாகத் தள்ளினால்தான் முன்னால் உள்ள புத்தக அலமாரி விலக, பின்சுவர் மெதுவாக வர, எங்கள் சின்ன ஹாலுக்கும் ஆழம் கிடைக்கிறது.

அடுத்தது சாயம். அன்று இரவுக் காட்சிக்கு நீலம், தீப்பிடித்தால் சிவப்பு என்று ஃபிலிமையே சாயத்தில் முக்கினார்கள். மறையும் தங்கைக்கு என்ன நிறம் என்று இன்னும் முடிவாகவில்லை. அவள் பச்சை கேட்கிறாள்.