சர்ச்சிலைக் குற்றம் சாட்டப் பொய் மேற்கோள் தேவையில்லை

ஆகஸ்ட் 15 நெருங்கினால் வாட்ஸ்அப்பில் அந்த மேற்கோள் வந்துவிடும். சுதந்திரம் கொடுத்தால் அதிகாரம் அயோக்கியர்கள், போக்கிரிகள், கொள்ளைக்காரர்கள் கைக்குப் போகும் என்று பிரிட்டனின் இரண்டாம் உலகப் போர்க்காலப் பிரதமர் சர்ச்சில் அந்நாட்டு நாடாளுமன்றத்தில் சொன்னாராம். அந்த நாடாளுமன்றப் பேச்சுகளின் பதிவான ஹன்சார்டில் இது இல்லை. ஹன்சார்ட் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பேசியவர் பெயரையும் தேதியையும் போட்டு யாரும் தேடலாம். 1947 மார்ச் 6 விவாதத்தைத் திறந்தால் அவர் உண்மையில் சொன்னது இருக்கிறது: இந்திய அரசியல் தலைவர்கள் வெறும் வைக்கோல் பொம்மைகள், சில வருடங்களில் அவர்கள் இருந்த சுவடே இருக்காது. இதைவிட நமக்கு வேறென்ன வேண்டும்?

சர்ச்சில் பெயரில் எது வந்தாலும் முதலில் அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். அவரே மேடையிலும் சபையிலும் பேசியவை ஒரு வகை. கூட இருந்தவர்கள் எழுதிவைத்தவை இன்னொரு வகை. "இந்தியர்களை வெறுக்கிறேன்" என்று அவர் சொன்னது, இந்தியாவுக்கான அமைச்சர் லியோ அமெரியின் 1942 செப்டம்பர் நாட்குறிப்பில் இருக்கிறது. ஒருவரின் குறிப்புதானே என்று சர்ச்சில் அபிமானிகள் தள்ளிவிடப் பார்ப்பார்கள். அமெரி எதிரி முகாம் ஆள் கிடையாது. ஹாரோ பள்ளியில் கூடப் படித்தவர், அதே கட்சி, அதே அரசு. ஆகவே அந்தச் சாட்சியத்துக்குக் கனம் உண்டு. ஆனால் அதை எடுத்தாளும்போது "அமெரி எழுதியபடி" என்ற இரண்டு சொல்லைச் சேர்க்க வேண்டும். அதை விட்டால் எதிராளி அந்த ஓட்டையில்தான் நுழைவார்.

1943 வங்கப் பஞ்சத்தில்தான் விவாதம் பெரும்பாலும் தடம் புரள்கிறது. "முப்பது லட்சம் பேரை சர்ச்சில் கொன்றார்" என்று ஒரே வரியில் முடித்தால், அடுத்த நிமிடமே புயலைக் காட்டி மடக்குவார்கள். காரணங்களை வரிசையாகவே சொல்ல வேண்டும். 1942-ல் பர்மா ஜப்பானியரிடம் விழுந்தது. அங்கிருந்து வந்த அரிசி நின்றது. ஜப்பானியர் கைக்குப் போய்விடக் கூடாதென்று கரையோர மாவட்டங்களில் அரிசியை அரசு அப்புறப்படுத்தியது. பத்துப் பேருக்கு மேல் ஏறக்கூடிய படகுகளைப் பறித்தது. ஆற்றை நம்பிய ஊர்களில் மீன்பிடிப்பும் நெல் போக்குவரத்தும் அதோடு படுத்துவிட்டன. அக்டோபரில் மேதினிப்பூரைப் புயல் அடித்தது, நெற்பயிரில் நோய் விழுந்தது. போர்ச் செலவால் பணம் பெருகி விலை ஏறியது. மற்ற மாகாணங்கள் தானியத்தை வெளியே விட மறுத்தன. கூலிக்காரனுக்கும் மீனவனுக்கும் அரிசி எட்டாத பொருளாயிற்று. 2019-ல் வெளியான மண் ஈரப்பத ஆய்வு ஒன்றும் இந்தப் பஞ்சத்துக்கு வறட்சி காரணமில்லை என்றே சொல்கிறது.

இதில் சர்ச்சிலின் பங்கு, தானியம் கொண்டுவரக் கேட்ட அளவு கப்பல் தராததுதான். இந்தியா கேட்டது 5 லட்சம் டன் கோதுமை. 1943 ஆகஸ்ட் 4-ல் கூடிய போர் அமைச்சரவை அதில் ஒரு சிறு பங்குக்கே சம்மதித்தது. அதே மாதம் 'ஸ்டேட்ஸ்மன்' இதழ் கல்கத்தா தெருக்களின் பிணங்களைப் படம் பிடித்துப் போட்டது. அதன் பிறகும் கேட்ட அளவு கப்பல் வரவில்லை. 1944 ஏப்ரலில் அவர் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டிடம் கப்பல் கேட்டு எழுதியதும், ரூஸ்வெல்ட் மறுத்ததும் உண்மை. அந்தக் கடிதத்தை மறைக்க வேண்டியதில்லை, தேதியைப் பார்த்தாலே போதும். பஞ்சத்தின் கொடிய மாதங்கள் முடிந்தபின் எழுதியது அது. பஞ்சத்தை அவர் திட்டமிட்டு உண்டாக்கினார் என்று நான் சொல்ல மாட்டேன். தடுக்கும் அதிகாரம் கையில் இருந்தும் இந்திய உயிரைக் கடைசி வரிசையில் வைத்தார். ஆவணங்கள் இதைத் தாங்கும். சாவுக் கணக்கிலும் கவனம் வேண்டும்: அரசு விசாரணைக் குழு 1945-ல் சொன்னது 15 லட்சம், பிந்தைய ஆய்வாளர் பலர் சொல்வது 30 லட்சத்தை ஒட்டி.

பிரிட்டனில் அவர் இன்னொரு ஆள். ஹிட்லரோடு சமரசம் கூடாதென்று 1940-ல் உறுதியாக நின்றவர் என்பதில் பொய் இல்லை. 2002 பிபிசி வாக்கெடுப்பில் மாபெரும் பிரிட்டானியர் அவர்தான். 2016 முதல் ஐந்து பவுண்ட் நோட்டில் அவர் முகம். 2020 ஜூனில் நாடாளுமன்றச் சதுக்கத்துச் சிலையில் 'இனவெறியர்' என்று எழுதினார்கள், சில நாட்களில் அதைப் பெட்டி வைத்து மூடினார்கள். 2017-ல் வெளிவந்து, சர்ச்சிலாக நடித்த கேரி ஓல்ட்மனுக்கு ஆஸ்கர் வாங்கித்தந்த 'டார்க்கஸ்ட் ஹவர்' படத்தில் சுரங்க ரயிலில் அவர் மக்களிடம் கருத்துக் கேட்கும் காட்சி முழுக்கக் கற்பனை. "கடற்கரைகளில் போரிடுவோம்" என்று அவர் குரலில் நாம் கேட்கும் ஒலிப்பதிவுகூட 1940-ல் சபையில் எடுத்ததில்லை. 1949-ல் அவர் திரும்பப் படித்துப் பதிவு செய்தது. இந்திய மேற்கோளைச் சரிபார்க்கும் அதே கறாரோடு இவற்றையும் சரிபார்க்கச் சொல்லி பிரிட்டிஷ் அபிமானிகளிடம் கேட்க நமக்கு உரிமை உண்டு.