வெண்புள்ளி நோயிலிருந்து ஒரு மீன்தொட்டியை மீட்ட அனுபவம்

எங்கள் வீட்டுத் தொட்டியில் கிளவுன் லோச், நியான் டெட்ரா, மோலி ஆகிய மீன்கள் ஒன்றாக வளர்கின்றன. நோய் முதலில் புள்ளிகளாகத் தெரியவில்லை. லோச் மீன்களின் நடத்தையில்தான் தெரிந்தது. துடுப்புகளை உடலோடு ஒட்டி மடக்கிக்கொண்டு, அவ்வப்போது சட்டென்று திரும்பி மரக்கட்டையில் விலாவை உரசின. தீனி போட்டதும் முந்திக்கொண்டு வருபவை எட்ட நின்றன. ஆனால் உரசல் என்றாலே ஒட்டுண்ணி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. தண்ணீரில் அம்மோனியா ஏறினாலும், குழாய்த் தண்ணீரின் குளோரின் நீக்கப்படாமல் போனாலும் மீன்கள் அப்படித்தான் உரசும். அந்த நிலையில் மருந்தை ஊற்றினால், ஏற்கெனவே புண்பட்டிருக்கும் செவுள்களுக்கு அது மேலும் ஒரு சுமையாகும். ஆகவே மருந்தைத் தேடுமுன் தண்ணீரைச் சோதித்தேன். மீன்களுக்கு நஞ்சாகும் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் 0 என்றே காட்டின. அதன் பிறகே நோயைத் தேடத் தொடங்கினேன்.

தொட்டியின் விளக்கை அணைத்துவிட்டுப் பக்கவாட்டில் டார்ச் ஒளியைச் சாய்த்துப் பிடித்தால், நேர் ஒளியில் தப்பிவிடும் சிறு மேடுகளும் தெரியும். லோச்சின் கரும்பட்டைகளின் மேல், உப்புக் கல்லைத் தூவியதுபோல, தனித்தனியாகச் சில வெண்புள்ளிகள் இருந்தன. எதுவும் 1 மில்லிமீட்டரைத் தாண்டவில்லை. பொன்னிறத் தூளாக, இதைவிட மிக நுண்மையாகப் படிந்திருந்தால் அது வெல்வெட் நோய். ஆண் தங்கமீன்களுக்கு இனப்பெருக்கப் பருவத்தில் செவுள் மூடியிலும் முன்துடுப்பின் விளிம்பிலும் வெண்மணிகள் தோன்றுவதுண்டு. அது நோயே அல்ல. இங்கே புள்ளிகள் உடலிலும் துடுப்பிலும் ஒழுங்கின்றிச் சிதறியிருந்ததாலும், மறுநாளே டெட்ராக்களிலும் தோன்றியதாலும், இது மீன் வளர்ப்போர் சுருக்கமாக ‘இக்’ என்று சொல்லும் வெண்புள்ளி நோயே என்று உறுதிப்படுத்திக்கொண்டேன்.

இந்நோய்க்குக் காரணம் இக்தியோஃப்திரியஸ் மல்டிஃபிலிஸ் என்னும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. அதன் வாழ்க்கைச் சுழற்சியைப் புரிந்துகொள்ளாமல் சிகிச்சையைத் தொடங்குவது வீண் என்பதே என் உறுதியான கருத்து. நாம் காணும் புள்ளி, மீனின் மேல்தோலுக்கு அடியில் பாதுகாப்பாக அமர்ந்து உண்டு வளரும் நிலை. எந்தத் தொட்டி மருந்தும் அங்கே அதை எளிதில் எட்டாது. முதிர்ந்ததும் அது மீனைவிட்டு வெளியேறி, சரளையிலோ செடியிலோ ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றி உறை அமைத்து, உள்ளே நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிளவுறுகிறது. அக்குஞ்சுகள் வெளிவந்து நீந்தி, ஓரிரு நாளுக்குள் ஒரு மீனைப் பற்றிக்கொள்ள வேண்டும், இல்லையேல் மடிந்துவிடும். மருந்து கொல்வது இந்த நீந்தும் நிலையைத்தான். சுழற்சி 25 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ ஒரு வாரத்துக்குள் முடியும். குளிர்ந்த நீரில் பல வாரங்கள் இழுக்கும். எனவே வெப்பத்தைக் கூட்டுவது ஒட்டுண்ணியைக் கொல்வதற்காக மட்டுமல்ல, ஒளிந்திருப்பதை விரைவில் வெளியே வரவைப்பதற்காகவும்தான்.

நோயுற்ற மீனை மட்டும் வேறு தொட்டிக்கு மாற்றினால், சரளையில் உறைக்குள் இருப்பவை மற்ற மீன்களுக்காகக் காத்திருக்கும் என்பதால், முழுத் தொட்டிக்கும் சிகிச்சை அளித்தேன். ஹீட்டரைச் சிறிது சிறிதாக உயர்த்தி 30 டிகிரிக்குக் கொண்டுவந்தேன். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும்: 25 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 8.3 மில்லிகிராம் என்றால், 30 டிகிரியில் 7.6 தான். செவுள் தாக்கப்பட்ட மீனுக்கு இந்த வேறுபாடு சிறிதன்று. ஆகவே கூடுதலாக, காற்றைக் குமிழிகளாக வெளிவிடும் ஓர் ஏர் ஸ்டோனை இரவு பகலாக ஓடவிட்டேன். மலாக்கைட் கிரீன் கலந்த மருந்தைப் பயன்படுத்தினேன். லோச், கெளுத்தி வகைகள் இம்மருந்தைக் குறைவாகவே தாங்கும் என்பதால், மருந்துக் குறிப்பில் சொல்லியிருந்தபடி பாதி அளவே இட்டேன். ஃபில்டரிலிருந்த கார்பன் மருந்தை உறிஞ்சிவிடும் என்பதால் அதை முன்கூட்டியே எடுத்துவிட்டேன். வெளிச்சத்தில் மருந்து சிதையும் என்பதால் விளக்கையும் அணைத்தே வைத்தேன். கையுறை அவசியம், உணவுக்காக வளர்க்கும் மீன்களுக்குப் பல நாடுகள் தடைசெய்துள்ள வேதிப்பொருள் இது. ஒவ்வொரு முறை மருந்திடுமுன்னும் சரளையின் அடிவரை குழாயால் உறிஞ்சி, அழுக்கோடு உறைகளில் ஒரு பகுதியையும் வெளியேற்றினேன்.

மனத்தை மிகவும் சோதித்தது மருந்திட்ட பிறகு புள்ளிகள் குறையாமல் கூடியதுதான். தோலுக்கடியில் கண்ணுக்குத் தெரியாத அளவில் இருந்தவையே வளர்ந்து வெளித்தெரிகின்றன என்பதை அறிந்திருந்ததால், அளவைக் கூட்டாமலும் மருந்தை மாற்றாமலும் இருக்க முடிந்தது. ஒரு டெட்ரா இறந்தது. அதன் உடலில் புள்ளிகள் மிகக் குறைவு. ஆனால் வேகமாக மூச்சுவாங்கி மேல்மட்டத்திலேயே நின்றிருந்தது. செவுள்களில் ஒட்டுண்ணி நிறைந்தால் வெளியே எதுவும் காட்டாமலேயே மீன் இறக்கக்கூடும். அதனால் அன்று முதல் புள்ளிகளை எண்ணுவதைவிடச் செவுள் அசைவின் வேகத்தைக் கவனிப்பதையே முதன்மையாகக் கொண்டேன். மற்றவற்றின் மூச்சு சீராகத் தொடங்கியபோதுதான் நம்பிக்கை பிறந்தது.

கடைசிப் புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்தவில்லை. உறைகளில் மிஞ்சியவை வெளிவரும் காலம் அதுவே. மேலும் ஒரு வாரம் தொடர்ந்தேன். பிறகு வெப்பத்தை மெதுவாக இறக்கி, தண்ணீரில் ஒரு பகுதியை மாற்றி, கார்பனை மீண்டும் வைத்தேன். ஃபில்டரிலுள்ள நன்மை தரும் பாக்டீரியா பாதிக்கப்பட்டிருக்கலாம் என்பதால் அம்மோனியா சோதனையையும் விடவில்லை. ஒட்டுண்ணி விட்டுச்சென்ற புண்களில் பூஞ்சையோ துடுப்பழுகலோ பற்றுகிறதா என்றும் பார்த்துவந்தேன். தூய நீரே அவற்றை ஆற்றியது.

நோயிலிருந்து தேறிய மீன்களுக்கு ஓரளவு எதிர்ப்பாற்றல் உண்டாகிறது. ஆனால் அவற்றிடம் ஒட்டுண்ணி சிறிதளவு தங்கியிருக்கவும் கூடும். இப்போது புதிதாக வரும் எந்த மீனையும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் பொருத்திய தனித் தொட்டியில் 4 வாரங்கள் வைத்துப் பார்க்கிறேன். அத்தொட்டியின் நீரை 26 டிகிரிக்குக் குறையாமல் வைப்பது முக்கியம்; குளிர்ந்த நீரில் சுழற்சி நீண்டுவிடுவதால், அந்த 4 வாரங்களும் புள்ளி எதுவும் தெரியாமலே கழிந்துவிடலாம். அதற்கென்று தனி வலையும் தனிக் குழாயும் வைத்திருக்கிறேன்; அவை பெரிய தொட்டிக்குள் இறங்குவதில்லை.